தேதியைக் கைநழுவ விட்டோம்

கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்துக்குப் பக்கத்துச் சுவரில் போன கோடையில் ஒரு சுவரொட்டி இருந்தது. மாட்டு வண்டிப் பந்தயம். மேல்பாதியில் கட்சித் தலைவர்கள், அதற்குக் கீழே மாவட்டம், ஒன்றியம், கிளை என்று இறங்குவரிசையில் முகங்கள். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது. மாடுகளின் படம் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாளில் புதுத் தேதியை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். மழையில் அதன் ஓரம் பிரிந்திருந்தது. விரலால் இழுத்தேன். அடியில் இன்னொரு வெள்ளைத் தாள், இன்னொரு தேதி. அதற்கும் அடியில்தான் முதலில் அச்சான நாள் இருந்தது.

மூன்று தேதிகளும் எனக்குத் தெரிந்தவை. மூன்றையும் அச்சகத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவன் நான்தான். முகங்களை யாருக்கு மேல் யார் என்று வரிசைப்படுத்தியவனும் நான்தான்.

அது என் மாமனார் ஊர்ப் பந்தயம். ஊர்ப்பெயர் வேண்டாம். கமிட்டியில் எழுத்து வேலை என் பொறுப்பு. சாமி கும்பிடு முடிந்த மறு ஞாயிறு என்று முதல் தேதியைக் குறித்தோம். கொடியசைக்க வருவதாக இருந்த பிரமுகருக்கு அன்று வேறு இடத்தில் கல்யாணம் என்று தகவல் வந்தது, தள்ளினோம். இரண்டாவதாகக் குறித்த நாளில் பக்கத்து ஒன்றியத்திலும் பந்தயம் இருந்தது. அங்கே முதல் பரிசு எங்களுடையதைவிடப் பெரிது. வண்டிகள் அங்கே போய்விடும் என்று பயந்து மறுபடியும் தள்ளினோம். மூன்றாவது தேதி அக்கினி நட்சத்திரத்தின் நடுவில் வந்து விழுந்தது.

காலை ஆறரைக்குக் கொடியசைப்பு என்று அச்சடித்திருந்தோம். பிரமுகரின் கார் வந்தபோது மணி பத்தேகால். அதுவரை பெரிய மாட்டு ஜோடிகள் நுகத்தடியோடு தார் ரோட்டில் நின்றன. தண்ணீர்த் தொட்டி இருந்தது, நிழல் இல்லை. பந்தல் மேடைக்கு மட்டும்தான் போட்டிருந்தோம். போய்த் திரும்பும் வழியில் ஒரு வண்டியின் இடது மாடு நுரை தள்ளிக் கால் மடக்கிப் படுத்துவிட்டது. சாரதி இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன். கயிற்றைப் போட்டுவிட்டு இறங்கி அதன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். “மாட்டு டாக்டருக்குச் சொல்லியிருக்கீங்களாண்ணே?” என்று என்னைப் பார்த்துக் கேட்டான். சொல்லவில்லை. பத்தொன்பது பேருக்கும் பொன்னாடை வாங்கச் சொல்லியிருந்தோம்.

மாடு பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அது ஓடவில்லை.

இதை எழுத எனக்கு ஓராண்டு ஆயிற்று. என் ஒருவனின் பிழையென்றால் அந்தப் பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். நாகமலையிலிருந்து உசிலம்பட்டி வரை, அந்தப் பக்கம் மேலூர் வரை, வண்டிப் பந்தயமோ மஞ்சுவிரட்டோ வடமாடோ நடத்துகிற எந்த ஊர்க் கமிட்டியிலும் என்னைப் போல் ஒருவன் இருக்கிறான். எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் அப்பா காலத்தில் பந்தயச் செலவு தலைக்கட்டு வரியில் நடந்தது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்வார்கள். பணம் குறைந்த வருடம் பரிசும் குறையும். திருவிழா முடிந்த வாரம் மரத்தடியில் வரவு செலவு வாசிப்பார்கள். பத்து ரூபாய் கொடுத்தவரும் எழுந்து நின்று, “சர்பத்துக்கு எதுக்குய்யா இவ்வளவு?” என்று கேட்கலாம். சண்டை வரும். அந்தச் சண்டையில்தான் பந்தயம் ஊருடையதாக இருந்தது என்று இன்று புரிகிறது. பிறகு நன்கொடையாளர் வந்தார். முதல் பரிசு ஒருவர், இரண்டாம் பரிசு ஒருவர், மைக்செட் ஒருவர், அன்னதானம் ஒருவர். திரும்புகிற இடத்துக்கு முதலில் போய்ச் சேரும் வண்டிக்கான கொடிப் பரிசுக்கும் ஒருவர். வரி வசூலிக்கிற வேலை மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். வரி போனதும் வரவு செலவு வாசிப்பும் போனது. கொடுத்தவருடைய பணம், நாம் எப்படிக் கணக்குக் கேட்பது என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கொடுத்தவர் நாளைக் கேட்டார். தலைவரின் பிறந்தநாளை ஒட்டி வைக்கச் சொன்னார், தேர்தல் அறிவிப்பு வருமுன் முடிக்கச் சொன்னார். கொடுத்துவிட்டோம்.

கையில் வைத்திருந்தவற்றில் விலைமதிப்பு அதிகம் கொண்டது அந்த நாள்தான். அதை நாங்கள் உணரவே இல்லை.

தேதி மாறினால் என்ன, வேறு நாளில் ஓட்டினால் போச்சு என்று கமிட்டியில் நானே பேசியிருக்கிறேன். மாட்டுக்காரர் வீட்டில் போய்ப் பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். பந்தய நாள் தெரிந்தால்தான் அவர் மாட்டுக்குத் தீனி மாற்றுவார். பருத்திக்கொட்டை, உளுந்து, முட்டை, பேரீச்சம்பழம் என்று கூட்டுவார். நீச்சல் விடுவதும், நடை விடுவதும், கடைசி நாட்களில் தூரம் குறைத்து மாட்டைத் தளர விடுவதும் அந்த நாளை வைத்துத்தான். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று பந்தயத்தில் எத்தனை பிரிவு உண்டோ அத்தனைக்கும் தனித்தனிப் பக்குவம். வண்டி வாடகைக்கு முன்பணம் கொடுத்திருப்பார். கொத்தனார் வேலைக்கோ மில் வேலைக்கோ போகிறவர் அந்த ஞாயிறுக்கு விடுப்புச் சொல்லியிருப்பார். நாள் ஒரு வாரம் தள்ளினால் தீனிச் செலவு இன்னொரு வாரம் கூடும். இரண்டு முறை தள்ளினால், வட்டிக்கு வாங்கியவர் விலகிக்கொள்வார். நாலு ஜோடியும் சொந்த லாரியும் வைத்திருப்பவர் நிற்பார். பரிசுப் பட்டியலில் அதே ஏழெட்டுப் பெயர்கள் வருடா வருடம் திரும்பி வருவதைப் பார்த்து, நல்ல மாடு அவர்களிடம்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டோம். களத்துக்கு வருமுன்னே பாதிப் பேரைத் தேதியை வைத்தே வெளியேற்றியவர்கள் நாங்கள்.

ஒரே ஞாயிறில் இரண்டு ஊர்ப் பந்தயம் மோதும்போது நடப்பது இன்னும் மோசம். இரு கமிட்டியும் உட்கார்ந்து பேசினால் பத்து நிமிடத்தில் தீர்கிற காரியம். பேசியதில்லை. பரிசைக் கூட்டுவோம். பரிசைக் கூட்ட நன்கொடையாளர் வேண்டும், அவர் பெரிய நன்கொடையாளராக வேண்டும், பெரியவர் நாள் கேட்பார். தோற்ற ஊர் அடுத்த ஞாயிறுக்குப் போகும். அதே மாடுகள் ஓய்வில்லாமல் அங்கேயும் ஓடும்.

ஜல்லிக்கட்டு நடக்கும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் இதில் வேறு ரகம் என்று நினைத்திருந்தேன். தை ஒன்று, இரண்டு, மூன்று. பாட்டன் காலத்து வரிசை, யாரும் தொட முடியாது என்று பெருமை. அந்த வரிசையும் கலைந்ததுண்டு. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த பிறகு 2015, 2016 பொங்கல்கள் வெறுமையாகக் கழிந்தன. 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் அலங்காநல்லூர் வாடிவாசலிலும் இளைஞர்கள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. மறுநாளே அலங்காநல்லூரில் தொடங்கி வைக்க அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் மதுரைக்கு வந்தார். நிரந்தரச் சட்டம் வரட்டும், அதுவரை வாடிவாசல் திறக்காது என்று ஊர் மறுத்துவிட்டது. மாநிலத்தின் முதல்வர் திரும்பிப் போனார். அவசரச் சட்டத்துக்குப் பதிலான சட்ட மசோதா 23-ஆம் தேதி சட்டமன்றத்தில் நிறைவேறியது. பிப்ரவரி 5-ல் அவனியாபுரம், 9-ல் பாலமேடு, 10-ல் அலங்காநல்லூர் என்று தை மாதக் கடைசியில் மாடுகள் அவிழ்ந்தன.

நாளைக் குறிக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்று ஒரு முதல்வரிடமே சொல்ல முடிந்த ஊர்கள் இவை. அப்படிச் சொன்ன நாங்கள் வீட்டுக்கு வந்து படுத்தோம். அதோடு சரி. எங்கள் சுயவிமர்சனத்தின் நடுப்புள்ளி இதுதான். உரிமைக்காக ஒரு வாரம் உட்கார்ந்தோம். அந்த உரிமையை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க அதன்பின் ஒரு மாலைகூட ஒதுக்கவில்லை.

நாம் போராடிப் பெற்ற சட்டத்தை எத்தனை பேர் படித்தோம்? ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கை செய்யும் நாட்களில், அறிவிக்கை செய்யும் இடங்களில் நடப்பதே ஜல்லிக்கட்டு என்கிறது அது. மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவற்றின் பெயர்கள் அதில் உண்டு. வண்டிப் பந்தயத்தின் பெயர் இல்லை. ஆக ஒரு கிராமம் மாடு அவிழ்க்க வேண்டுமானால் ஆட்சியருக்கு மனு, வருவாய், காவல், கால்நடைத் துறைகளின் ஆய்வு, அங்கிருந்து கோட்டைக்குப் பரிந்துரை, பிறகு அரசிதழ். வண்டிப் பந்தயத்துக்கோ ஒவ்வொரு முறையும் காவல்துறை அனுமதி, அது கிடைக்காவிட்டால் உயர்நீதிமன்றக் கிளையில் மனு. விதிகள் வேண்டியவைதான். களத்தில் சாவு விழுகிற விளையாட்டுக்கு விதி இல்லாமல் முடியாது. ஆனால் தாள் நகரும் வழியில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு சிபாரிசு தேவை என்று நாங்களாகவே முடிவு செய்தோம். முறையாக மனுக் கொடுத்து, ரசீது வாங்கி, காலக்கெடு கேட்டு எழுத எந்த ஊர்க் கமிட்டியும் முயலவில்லை. கட்சிக்காரரைப் பிடித்தோம். அவர் வாங்கிக் கொடுத்த நாள் அவருடைய நாளாயிற்று.

அவனியாபுரத்தில் நடத்துவது யார் என்ற சண்டை நீதிமன்றம் வரை போய், 2020-ல் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து நடத்த வேண்டி வந்தது. எல்லாச் சாதியாருக்கும் கமிட்டியில் இடம் உண்டா என்ற கேள்வியும் அந்தத் தகராறுகளில் இருந்தது. அந்தக் கேள்விக்கு ஊர் தானாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அரசியல் உள்ளே வந்துவிட்டது என்று புலம்புகிற நாங்கள், கூட்டத்தில் சேரிக்காரருக்குப் பாய் போடாத நாளிலேயே கதவைத் திறந்து வைத்திருந்தோம்.

பெருந்தொற்றுக் காலத்தில், 2022-ல், காணும் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கில் விழுந்ததால் அலங்காநல்லூர் ஒரு நாள் தள்ளி ஜனவரி 17-ல் நடந்தது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. உயிருக்காகத் தள்ளிய நாள் அது. பொன்னாடைக்காகத் தள்ளிய நாட்களை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

மதுரைக்காரனுக்கு நாள் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 18-ல் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு, அன்றே சித்திரைத் தேர். தேதியை மாற்றச் சொல்லி வழக்குக்கூடப் போட்டார்கள். தேர் நகரவில்லை, தேர்தலும் நகரவில்லை. மதுரைக்கு மட்டும் இரவு எட்டு மணி வரை வாக்களிக்க நேரம் நீட்டித்தார்கள். நகரம் முழுவதும் அந்த நாளைத் தன்னுடையதாக நினைத்ததால் ஓர் ஆணையமே வழிவிட்டது.

அதே சித்திரைத் திருவிழாவுக்குள் நாளை இழந்த ஊரின் கதையும் கிடக்கிறது. எங்கள் கீழக்குயில்குடிச் சமணர் மலையில் ஏறி வடக்கே பார்த்தால் வைகைக்கரைப் பச்சை தெரியும். அந்தப் பக்கம்தான் தேனூர். அழகர் முன்பு தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார் என்றும், மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகரையும் மதுரைக்குத் திருப்பி, இரண்டு விழாவையும் ஒன்றாக்கினார் என்றும் சொல்வார்கள். அறுவடை முடிந்த மாதம், சனம் கூடும், பெரிய தேரை இழுக்க ஆள் கிடைக்கும், சந்தை நடக்கும். மன்னனின் கணக்கு பலித்தது, உலகம் திரள்கிற திருவிழா பிறந்தது. அதைக் குறைசொல்ல நான் யார்? ஆனாலும் வண்டியூர்ப் பக்கம் ஆற்றுக்குள் இருக்கிற தேனூர் மண்டபத்தைப் பார்க்கும்போதெல்லாம், தன் நாளைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக ஒரு மண்டபத்தில் பெயரை மட்டும் வைத்துக்கொண்ட ஊர் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவிலும் ஒரு தேனூர் இருக்கிறது. வட கரோலினா மாநிலத்தில் நார்த் வில்க்ஸ்போரோ என்ற சின்ன ஊர். 1947-ல் அங்கே ஒரு கார் பந்தயத் தடம் தொடங்கியது. ஒரு சுற்று முக்கால் மைலுக்கும் குறைவு. அந்த வட்டாரத்து மெக்கானிக்குகளும் விவசாயிகளும் தங்கள் கார்களைத் தாங்களே முறுக்கேற்றி ஓட்டிய காலம் அது. நாஸ்கார் என்ற அமைப்பு ஆண்டுக்கு இரண்டு பெரிய பந்தயங்களை அந்தத் தடத்துக்கு ஒதுக்கியிருந்தது. தடத்தை நிறுவி நடத்தியவர் 1995-ல் இறந்த பிறகு, வேறு மாநிலங்களில் பெரிய தடங்கள் வைத்திருந்த இரண்டு முதலாளிகள் ஆளுக்குப் பாதியாக அதை வாங்கினார்கள். அவர்கள் பணம் கொடுத்தது மண்ணுக்கோ காலரிக்கோ அல்ல, அந்த இரண்டு தேதிகளுக்கு. 1996 செப்டம்பர் 29-ல் கடைசிப் பந்தயம் நடந்தது. அடுத்த ஆண்டு ஒரு தேதி நியூ ஹாம்ப்ஷயருக்கும் மற்றொன்று டெக்சாஸுக்கும் போய்விட்டது. தடத்தில் புல் முளைத்தது. ரசிகர்களும் பழைய ஓட்டுநர்களும் விடாமல் குரல் கொடுத்து, அரசுப் பணத்தில் சீரமைத்து, 2023 மே மாதம்தான் நாஸ்காரின் பெரிய பந்தயம் அங்கே திரும்பி வந்தது. இருபத்தேழு வருடம்! ஊர்க்காரர்கள் தேதியின் அருமையைத் தேதி போன பிறகு தெரிந்துகொண்டார்கள். நமக்கு இன்னும் போகவில்லை. போகும் வழி மட்டும் திறந்திருக்கிறது.

அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கத்தை 2024 ஜனவரி 24-ல் முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார். அறுபது ஏக்கருக்கு மேல், அறுபது கோடி ரூபாய்க்கு மேல். காலரி, காயம்பட்டவருக்கு மருத்துவ அறை, மாட்டுக்குப் பரிசோதனை இடம் எல்லாம் உண்டு. நானும் போய்ப் பார்த்தேன். நிழலில் நின்ற மாடுகளைப் பார்த்தபோது எங்கள் பந்தயத்தில் நுரை தள்ளிய மாடு நினைவுக்கு வந்து கண் கலங்கியது. அரங்கம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே எந்த நாளில் யார் பெயரில் போட்டி என்பதைத் தீர்மானிக்கிற இடத்தில் எந்த ஊர்க்கூட்டமும் இல்லை. ஐந்து மாதத்துக்குள் அத்தனை ஊரும் முட்டிக்கொள்கிற நாட்காட்டியில் பெரிய அரங்கம் பெரிய நாட்களை எடுத்துக்கொண்டால், சின்ன ஊர்த் தொழுவுக்கு மாடு வருமா? வீரர் வருவாரா? அரங்கம் கட்டி முடிகிற வரை இந்தக் கேள்வியை யாராவது மனுவாக எழுதிக் கொடுத்தோமா என்று கேட்டால் தலை குனிகிறேன்.

சென்னையில் ஃபார்முலா 4 கார் பந்தயம் வந்தபோது எங்கள் டீக்கடையில்கூடக் கணக்குப் பேசினோம். 2023 டிசம்பரில் வைத்திருந்தார்கள், மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் தள்ளிப் போனது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓட்டினார்கள். அரசு போட்ட 42 கோடி பற்றி உயர்நீதிமன்றத்தில் வழக்கு, செய்தித்தாள்களில் கட்டுரை, எங்கள் பெஞ்சில் வாய்ச்சண்டை. ஏன் அந்த இடம், ஏன் அந்த நாள், தனியார் பங்கு எவ்வளவு என்று துளைத்துத் துளைத்துக் கேட்டோம். கேட்டது சரி. அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் கமிட்டிக்காரர்களிடம் இந்த வருட மைக்செட் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று யாராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

ஜல்லிக்கட்டு டோக்கன் விஷயத்திலும் பழி எங்கள் மேல்தான். 2025 பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றுக்குமாக 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காளைகளுக்கும் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுபிடி வீரர்களுக்கும் இணையத்தில் பதிவு செய்தார்கள். ஒரு காளையை மூன்றில் ஓர் ஊரில்தான் அவிழ்க்கலாம் என்பது விதி. ஓர் ஊரில் விடியலிலிருந்து பொழுது சாயும் வரை அவிழ்த்தாலும் ஆயிரத்தைச் சுற்றித்தான் அவிழ்க்க முடியும். நாலில் மூன்று மாட்டுக்கு வாடிவாசல் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டே நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போனை எடுத்தோம். “அண்ணே, நம்ம மாடு ஒண்ணு, பார்த்துப் போட்டு விடுங்கண்ணே.” அந்த ஒரு போன் எந்த ஏழையின் மாட்டைப் பின்னுக்குத் தள்ளியது என்று யோசித்ததில்லை. வருடம் முழுக்கத் தன் கஞ்சியைக் குறைத்து மாட்டுக்குப் போட்ட விதவைத் தாய்மார்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். பெற்ற பிள்ளைபோல் வளர்த்த மாட்டை அலங்காநல்லூர் வரை கொண்டு போய், விடிய விடிய வரிசையில் நின்று, நேரம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்டு, அவிழ்க்காமலே திரும்பக் கூட்டி வருகிறவர்கள் அவர்கள். சிபாரிசு மாடு அதற்குள் போய் தங்கக் காசோடு திரும்பியிருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஒன்று பாக்கியிருக்கிறது. தடைக்கு வெளிநாட்டுச் சதி காரணம் என்று 2017-ல் நான் மேடையில் பேசினேன். கைதட்டினார்கள். வழக்கின் வேர் எங்கே என்று பிறகுதான் படித்தேன். 2006-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்த மனு, ராமநாதபுரம் மாவட்டத்தில் ரேக்ளா என்ற மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு அனுமதி கேட்டது. அந்த வழக்கில் வந்து சேர்ந்தவர்களில், ஜல்லிக்கட்டு வேடிக்கை பார்க்கப் போன மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனும் இருந்தார். 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்றும் அவர் பெயரைத் தாங்கித்தான் நிற்கிறது. நம் மண்ணின் மனிதர், நம் களத்தில் பிள்ளையை இழந்தவர். அவர் நீதிமன்றப் படி ஏறுமுன் எந்தக் கமிட்டியாவது அவர் வீட்டுப் படி ஏறியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2023-ல் பாலமேட்டிலும் 2025-ல் அவனியாபுரத்திலும் மாடு பிடிக்க இறங்கிய இளைஞர் தலா ஒருவர் குத்துப்பட்டு இறந்தார்கள். கார் யாருக்கு, டிராக்டர் யாருக்கு என்பதை மறுநாள் பேசினோம். 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு நம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது வெடி போட்டோம். செத்தவர்களின் பெயர்களை எந்த வாடிவாசலிலும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் சமணர் மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடம் இருக்கிறது. செட்டிப்புடவுக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஏறிப் பார்ப்பார்கள். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. பலவற்றின் அடியில் வட்டெழுத்தில் சின்னதாக ஒரு வரி, அதைச் செய்வித்தவர் யார் என்று. அச்சணந்தியின் தாயார் குணமதியார் பெயரும் அங்கே உண்டு. உருவம் பெரிதாக மேலே இருக்கும், கொடுத்தவர் பெயர் விரல் உயரத்தில் கீழே இருக்கும். அந்த மலையடியில் பிறந்து வளர்ந்த நான் பத்தொன்பது முகங்களை மேலே போட்டு மாட்டை அடியில் வைத்தேன்.

போன மாதம் மாமனார் ஊரில் கூட்டம் போட்டார்கள். நான் எழுந்து போன வருடக் கணக்கை, எனக்குத் தெரிந்த வரை, வாசித்தேன். தெரியாத இடங்களைத் தெரியாது என்றே வாசித்தேன். சிலர் எழுந்து போனார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் சேர்ந்து மூன்று காரியம் முடிவு செய்தார்கள்: சாமி கும்பிடுக்கு மறு ஞாயிறு பந்தயம், யார் வந்தாலும் வராவிட்டாலும். கொடியை ஊரில் மூத்த மாட்டுக்காரர் காலை ஆறரைக்கு அசைப்பார். மாட்டு டாக்டர் வந்து நின்ற பிறகுதான் மாட்டை நுகத்தில் பூட்டுவது. பக்கத்து ஊர்க் கமிட்டிக்குத் தேதியைச் சொல்ல இரண்டு பேர் போயிருக்கிறார்கள். நன்கொடையில் பாதி நின்றுவிட்டது, முதல் பரிசு சின்னதாகத்தான் இருக்கும்.

உங்கள் ஊரிலும் தைக்கோ மாசிக்கோ கூட்டம் போடுவார்கள். போய் உட்காருங்கள். இந்த நாளைக் குறித்தது யார், பணம் எவ்வளவு வந்தது என்ற இரண்டையும் சத்தமாகக் கேளுங்கள். பதில் வரும் வரை எழுந்திருக்காதீர்கள்.